கேட்டுத் திறக்கும் கதவு

“மனித குல வரலாற்றில் சக்கரம் ஒரு தவறு” என்றார் இயக்குநர். “செஞ்சவன் யாரையும் கேட்காம செஞ்சுட்டான்.”

பூட்டுக்காரர் பையைத் தோளிலிருந்து இறக்குவதா வேண்டாமா என்று தெரியாமல் நின்றார். கதவு ஒன்று மாட்டிக்கொண்டது, உடனே வாருங்கள் என்று போன் வந்ததால் யார் வீட்டு பீரோவையோ பாதி திறந்தபடி விட்டுவிட்டு ஓடி வந்திருந்தார். மாட்டிக்கொண்ட கதவு நேர் எதிரே இருந்தது. அதற்குப் பின்னால் ஒரு பெண் இருந்தார். அவர் அவ்வப்போது தட்டினார். ஒவ்வொரு தட்டுக்கும் இயக்குநர் பேச்சை நிறுத்திக் கண்ணை மூடித் தலையை ஆட்டிவிட்டு, விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார். காது கொடுத்துக் கேட்பதில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது. அதற்காகவே ‘செவிச்செம்மல்’ என்று ஒரு பட்டம் வாங்கியிருந்தார். பட்டம் கொடுத்த விழாவில் கொடுத்தவர்கள் யாருக்கும் பேச நேரம் கிடைக்கவில்லை.

மனிதரும் கணினியும் எப்படிப் பழக வேண்டும் என்று ஆராய்ச்சி செய்கிற இடம் அது. ‘யாரையும் விட்டுவிடாமல், சமூகத்தைக் கேட்டு, சமூகத்தோடு சேர்ந்து’ என்று வாசலிலும் லிப்ட்டிலும் தண்ணீர்க் குவளையிலும் எழுதிவைத்திருந்தார்கள். தண்ணீர் குடிக்கிறவர் குவளையைத் திருப்பித் திருப்பிப் படித்து முடிப்பதற்குள் தாகம் போய்விடும்.

“உலகத்துல ரெண்டே வகை ஆளுங்கதான்” என்றார் இயக்குநர். “ஒருத்தர் கேட்கிறவர். இன்னொருத்தர் ஸ்க்ரூடிரைவரை எடுக்கிறவர். ஒரு பிரச்சினையைப் பார்த்த உடனே ஒரு கை பைக்குள்ள போகும் பாருங்க, அதுதான் ஆபத்தான கை.”

பூட்டுக்காரர் பைக்குள்ளிருந்து கையை வெளியே எடுத்தார்.

கதவின் பூர்வீகத்தை ஒருங்கிணைப்பாளர் விளக்கினார். சின்ன வயசுப் பெண். மஞ்சள் ஒட்டுத்தாள் கட்டுகள் அவருடைய எல்லாப் பைகளிலிருந்தும் எட்டிப் பார்த்தன. அந்தக் கழிவறைக் கதவு சாதாரணக் கதவு அல்ல. ஊரில் உள்ள அத்தனை தரப்பையும் கேட்டுக் கேட்டுச் செய்தது. முதலில் கைப்பிடி வைக்கலாம் என்றார்களாம். கையில் பிடிமானம் இல்லாதவர்கள் என்ன செய்வார்கள் என்று ஒரு கேள்வி வந்ததும் கைப்பிடி போனது. பொத்தான் வைக்கலாம் என்றார்கள். எந்த உயரத்தில் என்று கேள்வி வந்தது, பொத்தான் போனது. அட்டை காட்டலாம் என்றபோது மறதிக்காரர்கள் வருத்தப்பட்டார்கள். ஆள் வருவதைப் பார்த்துத் தானே திறக்கும் கண் ஒன்றை வைக்கலாம் என்றபோது, கழிவறைக்குள் கண்ணா என்று எல்லோருமே வருத்தப்பட்டார்கள். இப்படி ஒவ்வொருவர் மனமும் கோணாமல் கதவிலிருந்து ஒவ்வொன்றாகக் கழற்றிக்கொண்டே வந்ததில் கடைசியில் மிஞ்சியது பலகை. அதற்கு ஒரு காது வைத்தார்கள். நாம் பேசினால் அது கேட்கும், கேட்டுத் திறக்கும்.

“அப்போ திறன்னு சொன்னா திறக்காதாம்மா?” என்று பூட்டுக்காரர் கேட்டார்.

திற என்பது ஏவல் என்றும், கட்டளைக்குப் பணியும் பழக்கத்தை ஒரு கருவிக்குக் கற்றுக்கொடுப்பது ஆய்வகத்தின் கொள்கைக்கு ஒத்துவராது என்றும் ஒருங்கிணைப்பாளர் சொன்னார். மனிதர்கள் இயல்பாகப் பேசுவதைக் கேட்டே கதவு புரிந்துகொள்ளும். அங்கேதான் இன்று ஒரு சின்ன சிக்கல். உள்ளே இருக்கும் கணக்காளர் வெளியே கிளம்பும் நேரத்தில் போன் வந்திருக்கிறது. போனில் “இதோ வரேன்” என்று சொல்லியிருக்கிறார். யாரோ ‘வரேன்’ என்கிறார், உள்ளே ஏற்கெனவே ஆள் இருக்கிறது, எனவே உள்ளே இருப்பவரின் மானத்தைக் காப்பாற்ற வேண்டும் என்று முடிவெடுத்து, கதவு இறுக்கிப் பூட்டிக்கொண்டுவிட்டது. அதன்பிறகு கணக்காளர் “நான் வெளியே வரேன், வெளியே வரேன்” என்று சொல்லச் சொல்ல அது இன்னும் இறுகியது.

பூட்டுக்காரர் தலையைச் சொறிந்தார். “அப்படின்னா, போறேன்னு சொல்லச் சொல்லுங்களேன்.”

ஒருங்கிணைப்பாளர் இயக்குநரைப் பார்த்தார். இயக்குநர் கூரையைப் பார்த்தார். கழிவறைக்குள் இருப்பவர் ‘போறேன்’ என்றால் அதற்கு என்ன பொருள் என்று களப்பணியில் திரும்பத் திரும்ப உறுதிசெய்யப்பட்டிருக்கிறது என்று ஒருங்கிணைப்பாளர் மெல்லிய குரலில் சொன்னார். அந்தச் சொல்லைக் கேட்டால் கதவு பூட்டிக்கொள்வது மட்டுமல்ல, காதையும் மூடிக்கொள்ளும்.

உள்ளிருந்து தட்டும் சத்தம் கேட்டது. கூடவே, ஆணா பெண்ணா என்று யாரும் புண்பட முடியாதபடி பார்த்துப் பார்த்துத் தயாரித்த ஒரு சளிபிடித்த குரல், “உங்கள் கருத்துக்கு நன்றி. அவசரம் இல்லை” என்றது. அது கதவு.

பூட்டுக்காரர் குனிந்து சட்டத்தைப் பார்த்தார். பூட்டுப்பெட்டி நாலே ஸ்க்ரூவில் நின்றது. வெளிப்பக்கம்தான். எந்தக் கத்துக்குட்டிக்கும் தெரிகிற இடம். அதைக் கழற்றினால் தாழ் தானே பின்வாங்கும் என்று சொல்லிவிட்டு உட்காரப் போனார்.

“யாரைக் கேட்டு முடிவு பண்ணீங்க?” என்றார் இயக்குநர். குரலில் கோபம் கொஞ்சமும் இல்லை.

“யாரையும் கேட்கலை சார். பார்த்தேன்.”

“பார்த்தீங்க. அதான் நோய். சமூகம் சேர்ந்து பூட்டின கதவை ஒரு தனி ஆள் திறந்தா அது பேரு திறப்பு இல்லை, உடைப்பு. கேட்கணும். வட்டமா உட்கார்ந்து கேட்கணும்.” இதைச் சொல்லும்போது இயக்குநர் இடது காலை வலது காலோடு சேர்த்து நின்றார். காலையிலிருந்து விருந்தினர்கள் வந்துகொண்டிருந்தார்கள். ஒவ்வொரு கூட்டத்தோடும் ஒரு டீ குடித்திருந்தார், தொண்டைக்கு நடுநடுவே வெந்நீர் வேறு. அந்த மாடியில் முன்பு இரண்டு கழிவறைகள் இருந்தன. கதவில் மாட்டியிருந்த ஆண் படமும் பெண் படமும் மற்றவர்களை விலக்குகின்றன என்று இரண்டையும் மூடி, இப்போது ஒட்டுத்தாள்களைச் சேமிக்கும் அறைகளாக்கி விட்டார்கள். கூரை வரை ஒட்டுத்தாள். எல்லோருக்கும் பொதுவாக மிஞ்சியது இந்த ஒன்றுதான்.

வட்டத்துக்கு ஆள் சேர்க்க ஒருங்கிணைப்பாளர் ஓடினார். இயக்குநர் சிறு சிறு அடிகளாக வைத்துத் தம் அறைக்குப் போனார். தாழ்வாரத்தில் பூட்டுக்காரரும் கதவும் மட்டும் நின்றார்கள்.

“வெளியே யாரு?” என்றது உள்ளிருந்த குரல்.

“பூட்டு ரிப்பேர்க்காரன்மா.”

“அப்பாடா. அண்ணே, கிட்ட வாங்க. மெதுவா பேசுங்க, இது ஒட்டுக்கேட்கும்.”

பூட்டுக்காரர் கதவில் கன்னத்தை வைத்தார். கணக்காளர் சக்கர நாற்காலியில் இருப்பவர் என்பதும், நாலு மணிக்கு வேறொரு அலுவலகத்தில் அவருக்கு நேர்முகத் தேர்வு என்பதும், அது இங்கே யாருக்கும் தெரியாது என்பதும் கதவின் இடுக்கு வழியாகத் தெரியவந்தன. தலை வாரிக்கொள்ளத்தான் உள்ளே வந்தாராம். கீழே கார் நிற்கிறது. நாற்காலியோடு ஏற்றிக்கொள்கிற வண்டி, சுலபத்தில் கிடைக்காது. ‘வரேன்’ என்று அவர் சொன்னது அந்த டிரைவரிடம்தான். டிரைவர் விடாமல் கூப்பிட்டுக்கொண்டிருந்தார், அடுத்த சவாரி இருக்கிறதாம்.

“நல்ல வேலை, நல்ல பேர் எடுத்த இடமாச்சேம்மா. ஏன் விட்டுட்டுப் போறீங்க?”

“நான் கணக்குப் பார்க்கத்தான் வந்தேன் அண்ணே. வந்த அன்னிக்கே நாற்காலியைப் பார்த்துட்டு உங்க அனுபவத்தைச் சொல்லுங்கன்னாங்க. சொன்னேன். அன்னையிலேர்ந்து தினம் கூப்பிட்டுக் கேட்கிறாங்க. கணக்கை முடிக்கவே விடறதில்லை. யார் விருந்தாளி வந்தாலும் என்னைக் காட்டி, இதோ எங்கள் சமூகம்ங்கிறாங்க. அந்த ஆபீஸ்ல போய் உட்கார்ந்தா நான் வெறும் கணக்காளர். இங்கே நான் ஒரு ஆள் இல்லை அண்ணே, ஒரு சமூகம்.”

“இந்தக் கதவுக்கும் உங்களைக் கேட்டாங்களா?”

“கேட்காம? மூச்சுமுட்டக் கேட்டாங்க. ஒரு கைப்பிடி வைங்க, இழுத்தா திறக்கட்டும்னு முதல் நாளே சொன்னேன். அருமையான பதில்னு எழுதிக்கிட்டாங்க.”

பூட்டுக்காரர் சுற்றும் முற்றும் பார்த்துவிட்டு ஸ்க்ரூடிரைவரை எடுத்தார். முனையை முதல் ஸ்க்ரூவில் வைப்பதற்குள் ஒருங்கிணைப்பாளர் வந்து, அவர் கையை இரண்டு கைகளாலும் பாசத்தோடு பற்றிக்கொண்டார். வட்டம் தயார். கருவிகள் அதிகாரத்தின் சின்னம் என்பதால் பை கூட்ட அறைக்கு வெளியிலேயே இருக்கட்டும். பூட்டுக்காரர் ஐயா வட்டத்துக்கு மிக மிக முக்கியம், ஏனென்றால் இன்று கூப்பிட்ட நேரத்துக்குக் கிடைத்த பொதுமக்கள் அவர் ஒருவர்தான்.

கூட்ட அறையில் ஆராய்ச்சியாளர்கள் தரையில் வட்டமாக உட்கார்ந்திருந்தார்கள். நாற்காலிகள் சுவரோரம் காலியாகக் கிடந்தன. உயர்வு தாழ்வு கூடாதென்று தரையாம். பூட்டுக்காரருக்கு முட்டி வலி. யாரும் அதைக் கேட்கவில்லை, அது இன்றைய தலைப்பு இல்லை.

கதவு திறப்பதற்கு முன் மனம் திறக்க வேண்டும் என்று இயக்குநர் தொடங்கிவைத்தார். ஒவ்வொருவரும் தாம் ஒரு கதவாக இருந்தால் எந்தக் கதவாக இருப்போம் என்று சொல்ல வேண்டும். ஒருங்கிணைப்பாளர், பாதி திறந்த கதவு என்றார். கண்ணாடி போட்ட ஆராய்ச்சியாளர் ஒருவர் நெடுநேரம் யோசித்து, கதவே இல்லாத வாசல் என்றார். எல்லோரும் ஓசை வராமல் விரல்களை அசைத்துப் பாராட்டினார்கள். பூட்டுக்காரர் முறை வந்தது. கடை ஷட்டர் என்றார். ஏன் என்றார்கள். இழுத்து மூடிவிட்டு வீட்டுக்குப் போய்விடலாம் என்றார். அது ‘ஓய்வுக்கான உரிமை’ என்ற தலைப்பில் ஒட்டுத்தாளாகச் சுவரில் ஏறியது.

அடுத்ததாக, உள்ளே மாட்டிக்கொண்டவரின் வேதனையை உணரும் பயிற்சி. எல்லோரும் கண்ணை மூடிக்கொண்டு, இந்த அறையையும் உள்பக்கம் தாழிட்டுக்கொண்டு, அவராகவே மாறிப் பார்க்க வேண்டும்.

“நான் வெளியே இருக்கேன்” என்றார் இயக்குநர். எழுந்து நிற்க அவருக்குச் சுவர் தேவைப்பட்டது. “என் இருப்பே ஒரு அதிகாரம். அது உங்க அனுபவத்தைக் கெடுத்துடும்.” முன்பெல்லாம் இந்த ஒரு வரியை அவர் அரை மணி நேரம் பேசுவார். இன்று பேசாமல் போய்விட்டது அவருடைய பணிவு என்று எல்லோரும் எடுத்துக்கொண்டார்கள்.

அறையைத் தாழிட்டார்கள். சாதாரணத் தாழ்ப்பாள்தான், யாரோ கேட்காமல் வைத்தது. கண்ணை மூடிக்கொண்டு வேதனைப்பட்டார்கள். ஒருவர் நன்றாகவே குறட்டை விட்டார். முடிந்ததும், பாதிக்கப்பட்டவரின் குரல் இல்லாமல் எதுவும் செய்யக் கூடாது என்பதால், கணக்காளரைப் போனில் கூப்பிட்டு எல்லோருக்கும் கேட்கும்படி நடுவில் வைத்தார்கள். இந்த நிமிடம் உங்களுக்கு என்ன வேண்டும் என்று ஒருங்கிணைப்பாளர் கனிவாகக் கேட்டார்.

“கைப்பிடி” என்றது போன்.

வட்டம் நெகிழ்ந்தது. கண்ணாடிக்காரர் ஒட்டுத்தாளில் எழுதிக்கொண்டே உரக்கச் சொன்னார், “வாழ்க்கையில ஒரு பிடிப்பு வேணும்ங்கிறாங்க.”

“வாழ்க்கையில இல்லைங்க. கதவுல.”

“கதவே வாழ்க்கை” என்று திருத்தி எழுதினார் கண்ணாடிக்காரர்.

பிறகு, கணக்காளர் எந்தச் சொல்லைச் சொன்னால் கதவு திறக்கலாம் என்ற விவாதம் நடந்தது. ‘கிளம்பறேன்’ என்று ஒருவர் சொன்னார். அதில் சண்டை போட்டுக்கொண்டு போகிற தொனி இருக்கிறது என்று இன்னொருவர் மறுத்தார். ‘ம்’ என்று மட்டும் சொல்லலாமா என்று வந்தது. கதவிடம் ஏற்கெனவே ‘ம்’முக்கு ஒரு கட்டு நிறைய அர்த்தம் இருக்கிறது, இப்போது அது எந்த ‘ம்’மை எடுத்துக்கொள்ளும் என்று யாருக்கும் தெரியாது. கடைசியில் பொதுமக்களைக் கேட்போம் என்று எல்லோரும் பூட்டுக்காரர் பக்கம் திரும்பினார்கள்.

இங்கே ஒரு உண்மையைச் சொல்லியாக வேண்டும். பூட்டுக்காரரை அவர் வாழ்நாளில் யாரும் எதுவும் கேட்டதில்லை. வீட்டில் மனைவியும் மாமியாரும் பேசி முடித்த பிறகுதான் விஷயம் அவர் காதுக்கு வரும். போன மாதம் சோபா வாங்கியதுகூட, அதில் உட்கார்ந்த பிறகுதான் தெரியும். வாடிக்கையாளர்கள் எவ்வளவு நேரமாகும் என்று கேட்பார்கள், அதோடு சரி. இப்போது படித்தவர்கள் ஒரு வட்டம் முழுக்க, பேனாவைத் திறந்துவைத்துக்கொண்டு அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். மனுஷன் என்ன செய்வார்? தொண்டையைச் செருமினார்.

பூட்டு என்றால் என்ன என்று ஆரம்பித்தார். அதற்குப் பேனாக்கள் ஓடின. பூட்டு வேறு, தாழ் வேறு என்றார். ஒருவர் “ஆகா” என்றார். இரும்புக்கும் ஒரு மனசு உண்டு என்று ஏதோ வேகத்தில் சொல்லிவைத்தார். அப்படி அவர் இதற்கு முன் நினைத்ததே இல்லை, ஆனால் அது சுவரில் ஏறியதும் பெரிய உண்மை மாதிரித் தெரிந்தது. பிஸ்கட் தட்டு அவர் பக்கம் நகர்ந்தது. ஒரு பிஸ்கட்டைக் கடித்துக்கொண்டு, தாமே ஒரு ஒட்டுத்தாளைக் கிழித்து ‘சாவி’ என்று எழுதி ஒட்டினார். ஏன் என்று கேட்டார்கள். பார்க்க நன்றாக இருக்கிறதே என்றார். அதையும் எழுதிக்கொண்டார்கள். இந்த வேகத்தில் போயிருந்தால் அவருக்கும் ஒரு பட்டம் கிடைத்திருக்கும்.

“அண்ணே” என்றது தரையில் கிடந்த போன். “நீங்களுமா?”

பூட்டுக்காரர் வாயில் பிஸ்கட் அப்படியே நின்றது.

“டிரைவர் கிளம்பறேன்னு சொல்லிட்டார். கெஞ்சிக்கூத்தாடி இன்னும் அஞ்சு நிமிஷம் வாங்கி வெச்சிருக்கேன். பரவாயில்லை, நீங்க பேசிட்டு வாங்க.”

திட்டியிருந்தால் தாங்கியிருப்பார். அந்தப் ‘பரவாயில்லை’ அவரை முட்டி வலியோடு எழுப்பிவிட்டது. வட்டத்துக்கு நடுவே புகுந்து, யாருடைய கருத்தையோ மிதித்துக்கொண்டு, தாழைத் திறந்து தாழ்வாரத்துக்கு ஓடினார். “ஐயா ஓடுறதைக் குறிச்சுக்குங்க” என்று பின்னால் ஒருங்கிணைப்பாளரின் குரல் கேட்டது.

பை, விட்டுவந்த இடத்தில் இல்லை.

கழிவறைக் கதவின் முன்னால் இருந்தது. அதன் பக்கத்தில் செவிச்செம்மல் முட்டி போட்டு உட்கார்ந்திருந்தார். கோட்டைக் கழற்றித் தரையில் போட்டிருந்தார். உதடுகளுக்கிடையே ஒரு ஸ்க்ரூ இருந்தது. கையில் பூட்டுக்காரரின் ஸ்க்ரூடிரைவர். முகம் வியர்த்து, இரண்டு முட்டிகளையும் ஒன்றோடொன்று இறுக்கிக்கொண்டு, மூச்சைப் பிடித்துத் திருகிக்கொண்டிருந்தார்.

“சார்” என்றார் பூட்டுக்காரர்.

இயக்குநர் திரும்பிப் பார்த்தார். உதட்டின் மேல் விரலை வைத்தார்.

“அது இல்லை சார். அவசரத்துல மாத்தித் திருகுறீங்க, அந்தப் பக்கம் திருகினா இறுகும். இடது பக்கம்.”

இயக்குநர் இடது பக்கம் திருகினார்.

“வட்டத்துல இன்னும் முடிவாகலையே சார்.”

“மெதுவா பேசுங்க” என்றார் இயக்குநர், ஸ்க்ரூவை வாயில் வைத்தபடியே. “கேட்டுடப் போறாங்க.”

பூட்டுக்காரர் உட்கார்ந்து பெட்டியைத் தாங்கிப் பிடித்துக்கொண்டார். கடைசி ஸ்க்ரூ வழுக்கியது, மறுபடி பிடித்தது, கழன்றது. பூட்டுப்பெட்டி கையோடு வந்தது. தாழ் பின்வாங்கியது. “உங்கள் அனுபவத்தை மதிப்பிட…” என்று தொடங்கிய சளிக்குரல் பாதியில் நின்றது. கதவு ஒரு விரல் தள்ளியதற்கே திறந்தது.

கணக்காளர் நாற்காலியை உருட்டிக்கொண்டு வந்தார். தலை அழகாக வாரியிருந்தது. அதற்குத்தான் நிறைய நேரம் கிடைத்ததே. தரையில் வாயில் ஸ்க்ரூவோடு உட்கார்ந்திருந்த தம் இயக்குநரைப் பார்த்தார். அவர் காலைத் தாண்ட வழியில்லாமல் நின்று, கொஞ்சம் நகருங்கள் என்று கையால் காட்டினார். இயக்குநர் நகர்ந்தார்.

“அண்ணே, கார் இருக்கா பாருங்க.”

பூட்டுக்காரர் ஜன்னலுக்கு ஓடினார். கீழே டிரைவர் பின்கதவைச் சாத்திவிட்டு உட்காரப் போனார். வராங்க, வராங்க, இருங்க என்று பூட்டுக்காரர் தெருவே நிமிர்ந்து பார்க்கும்படி கத்தினார். பின்னால் லிப்ட் வந்தது. லிப்ட்டிடம் யாரும் எதையும் விளக்கத் தேவையிருக்கவில்லை, பொத்தானை அழுத்தியதும் அது கீழே போனது.

இயக்குநர் அதற்குள் உள்ளே போயிருந்தார். கதவைத் தாழிட இப்போது எதுவும் இல்லாததால் பூட்டுக்காரர் வெளிப்பக்கம் முதுகைக் கொடுத்து நின்றார். அந்த ஆய்வகம் தொடங்கிய நாளிலிருந்து இயக்குநர் அவ்வளவு நீண்ட நேரம் எதுவும் பேசாமல் இருந்தது அன்றுதான். ஜன்னல் வழியே கார் தெரிந்தது. டிரைவர் சாய்வுப் பலகையை இறக்கினார், நாற்காலி ஏறியது. வண்டி, தெருமுனையில் சிக்னல் விளக்கு பச்சையாக இருக்கும்போதே திரும்பி மறைந்தது. பூட்டுக்காரர் வாயிலிருந்த மிச்சப் பிஸ்கட்டை அப்போதுதான் விழுங்கினார்.

கூட்ட அறையில் பேச்சு நடந்துகொண்டிருந்தது. பூட்டுக்காரர் ஓடியது எதைக் குறிக்கிறது என்பதில் இரண்டு தரப்பு உருவாகிவிட்டது போலிருந்தது.

இயக்குநர் வெளியே வந்தார். முகத்தில் இருபது வயது குறைந்திருந்தது. தாழ்வாரத்தின் இந்தக் கோடியைப் பார்த்தார், அந்தக் கோடியைப் பார்த்தார். பிறகு குனிந்து பூட்டுக்காரரின் பைக்குள் கையை விட்டுத் துழாவி, பழைய மாதிரி எஃகுக் கைப்பிடி ஒன்றை வெளியே எடுத்தார். பலகையில் வைத்துப் பார்த்தார்.

எந்த உயரத்தில் வைப்பது என்று பூட்டுக்காரர் கேட்க வாயெடுத்தார். கேட்கப்பட வேண்டியவர் அந்நேரம் ஊரின் வேறெங்கோ போய்க்கொண்டிருந்தார்.

இயக்குநர் நிமிர்ந்து நின்று, கதவில் தம் நெஞ்சுக்கு நேராகப் பென்சிலால் ஒரு கோடு போட்டார். ஒற்றைக் கண்ணை மூடிக் கோடு நேராக இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டார். பிறகு சத்தமில்லாமல் முதல் ஸ்க்ரூவைத் திருகத் தொடங்கினார்.